வெளிநாடு போகும்போது வியாபார போன்: செலவும் ஏறாமல், அழைப்பும் தவறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஜனவரி பிறந்தால் கரூரில் பல ஏற்றுமதி அலுவலகங்களில் முதலாளி நாற்காலி காலியாகிவிடும். ஆள் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில், ஹைம்டெக்ஸ்டில் என்னும் வீட்டுத் துணி கண்காட்சியில் நின்றுகொண்டிருப்பார். ஊரில் தறி ஓடும், சாயப்பட்டறையிலிருந்து போன் வரும், வங்கியிலிருந்து ஓடிபி வரும். அங்கே ஸ்டாலில் ஒரு பையர் பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரே போனில்தான் சமாளிக்க வேண்டும்.

நான் முதல் தடவை போனபோது ரோமிங் பேக் (இந்திய சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவதற்கான திட்டம்) போடவில்லை. "எடுக்காவிட்டால் ஆபீஸுக்குப் போகட்டும்" என்று ஃபார்வர்டிங் மட்டும் போட்டுவிட்டு, செலவை மிச்சப்படுத்திவிட்டதாக நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்ததும் வந்த பில், சாம்பிள் பார்சல் அனுப்பிய கூரியர் செலவைவிட அதிகம். அதில் பெரும்பகுதி நான் எடுக்கவே எடுக்காத அழைப்புகளுக்கு! காரணம் பின்னால்தான் புரிந்தது. போன் ஜெர்மன் நெட்வொர்க்கில் இருக்கும்போது கரூரிலிருந்து வரும் அழைப்பு முதலில் ஜெர்மனி வரை வருகிறது. அங்கே மணி அடித்து, யாரும் எடுக்காததால் மறுபடி கரூருக்கே திரும்புகிறது. வந்ததற்கு ஒரு ரோமிங் கட்டணம், திரும்பிப் போனதற்கு ஒரு சர்வதேச அழைப்புக் கட்டணம்.

அழைப்பு எந்த வழியாகப் போய் வருகிறது என்று பார்த்தாலே பில் பிடிபட்டுவிடும். கீழே உள்ள எல்லாமே அதை வைத்துத்தான்.

படி 1: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

உங்கள் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் இயக்கப்பட்டிருக்கிறதா என்று கம்பெனி ஆப்பில் பாருங்கள். பிரீபெய்டு என்றால் ரீசார்ஜ் முடியும் தேதி பயணத்தின் நடுவில் விழக்கூடாது. விழுந்தால் ஓடிபியும் நின்றுபோகும். வெளிநாட்டில் இருந்துகொண்டு, ரீசார்ஜ் செய்யத் தேவையான ஓடிபி வராமல் தவிப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அதனால் இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், கழற்றி பர்ஸில் வைக்காதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் அதே போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அதே எண்ணில் வாட்ஸ்அப் ஓட்டும் பழைய பழக்கத்தை நம்பிப் பயணம் போகக்கூடாது.

படி 2: டேட்டாவுக்கு மட்டும் ஒரு இ-சிம்

இந்திய சிம்மின் வேலை எஸ்எம்எஸ் வாங்குவது. பேச்சுக்கு வேண்டியது டேட்டா. அதற்கு நீங்கள் போகும் நாட்டுக்கான இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) ஒன்றை ஊரிலேயே வாங்கி, வீட்டு வைஃபையில் வைத்து போனில் ஏற்றிவிடுங்கள். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் ஒரு சாதா சிம்மும் ஒரு இ-சிம்மும் சேர்ந்தே ஓடும். ஆண்ட்ராய்டில் எல்லா மாடலிலும் இ-சிம் இருக்காது, செட்டிங்ஸில் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

எவ்வளவு டேட்டா வாங்குவது? வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி போதும். அப்படியானால் ஒரு ஜிபியில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். டேட்டாவைத் தின்பது வீடியோ அழைப்பும், தானாக பேக்கப் ஆகும் போட்டோக்களும்தான். போட்டோ பேக்கப்பை 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றிவிட்டால் ஒரு வாரத்துக்கு மூன்று ஜிபி தாராளம்.

அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் 2017 முதல் பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், ஆனால் கண்காட்சியின் முதல் நாள் காலையில் அதற்கு நேரம் இருக்காது.

படி 3: செட்டிங்ஸில் இரண்டு பூட்டு

இந்திய சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' ஆஃப். இது எல்லோருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது இரண்டாவது பூட்டை. இ-சிம்மில் சிக்னல் குறைந்தால் போன் தானாகவே அடுத்த சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி ஒன்று உண்டு. ஐபோனில் 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்', ஆண்ட்ராய்டில் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

விமானத்தில் ஏறியதும் ஃப்ளைட் மோட். சில விமானங்களுக்குள்ளேயே மொபைல் நெட்வொர்க் இருக்கிறது. போன் அதில் ஒட்டிக்கொண்டால் தரையில் போட்ட ரோமிங் பேக் பல நேரம் செல்லாது, தனிக்கட்டணம் விழும்.

படி 4: ஃபார்வர்டிங், இந்த முறை சரியாக

என் கைக்காசு போன இடம் இது என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

ஃபார்வர்டிங்கில் இரண்டு வகை. 'எடுக்காவிட்டால்', 'பிஸியாக இருந்தால்', 'தொடர்பு கிடைக்காவிட்டால்' என்ற மூன்றும் ஒரு வகை. நான் மேலே சொன்ன இரட்டைக் கட்டணம் இவற்றால்தான் வரும். 'எல்லா அழைப்புகளையும் எப்போதும்' என்பது இன்னொரு வகை. இதைப் போட்டால் அழைப்பு இந்தியாவைத் தாண்டுவதே இல்லை. உங்கள் கம்பெனியின் நெட்வொர்க்கே அதை ஆபீஸ் எண்ணுக்குத் திருப்பிவிடும். உங்களுக்கு ரோமிங் கட்டணம் இல்லை. ஃபார்வர்டிங் குரல் அழைப்புக்கு மட்டும்தான் பொருந்தும், எஸ்எம்எஸ் வழக்கம்போல உங்கள் போனுக்கே வரும். அதனால் ஓடிபிக்கும் பாதகமில்லை.

திருச்சியிலோ கோவையிலோ சென்னையிலோ, விமானம் ஏறும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். டயலர் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' போய், 'ஆல்வேஸ் ஃபார்வர்ட்' என்பதில் ஆபீஸ் மொபைல் எண்ணைப் போடுங்கள். மற்ற மூன்றையும் அணையுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிட்டு, மணி ஆபீஸில் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு பாதுகாப்பு வேலையும் பாக்கி இருக்கிறது. சில செயலிகள் ஓடிபியைக் குரல் அழைப்பாகவும் சொல்லும். அந்த அழைப்பும் இப்போது ஆபீஸுக்குத்தான் போகும். அதனால் வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின் போட்டு வையுங்கள். அப்புறம், முன்பின் தெரியாதவர் போனில் "ஸ்டார் போட்டு இந்த எண்ணை அடியுங்க" என்றால் அடிக்கவே அடிக்காதீர்கள். உங்கள் அழைப்புகளை அவர் பக்கம் திருப்பிக்கொள்ளும் மோசடி அது.

படி 5: ஆபீஸில் இரண்டு போன், ஒரு ஆள்

இந்தப் படிதான் என் வியாபாரத்தைக் காப்பாற்றியது. திருப்பிவிட்ட அழைப்பை எடுக்க நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரே ஒரு ஆளை வையுங்கள். நான்கு பேர் மாறி மாறி எடுத்தால் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது.

எங்கள் ஆபீஸில் எடுக்கும் தம்பி சொல்வது இவ்வளவுதான்: "அண்ணா ஜெர்மனி போயிருக்காருங்க. அவசரம்னா இதே நம்பருக்கு வாட்ஸ்அப்ல கூப்பிடுங்க, எடுப்பாரு. இல்லீங்கன்னா எங்கிட்ட சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்." பெரும்பாலான அழைப்புகள் அந்த நோட்டிலேயே முடிந்துவிடும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்கள்? எங்கள் சாயப்பட்டறை மாஸ்டர் இன்றைக்கும் பட்டன் போன்தான். ஒரு நாள் நீலத்தில் ஷேடு மாறிவிட்டது, என்னிடமே பேச வேண்டும் என்று நின்றார். தம்பி மாஸ்டரை ஒரு போனில் ஸ்பீக்கரில் போட்டான், இன்னொரு போனில் வாட்ஸ்அப்பில் என்னைப் பிடித்தான். இரண்டையும் மேசையில் ஒன்றின் வாய்ப்பக்கம் மற்றதின் காதுப்பக்கமாக ஒட்டி வைத்தான். "உப்பு எவ்வளவு போட்டீங்க மாஸ்டர்?" என்று ஸ்டால் திரைக்குப் பின்னால் நின்று நான் கேட்டது அவர் காதில் விழுந்தது. குரல் கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலும் ஷேடு சரியாகிவிட்டது.

நேரத்தையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 1.30, அங்கே 1.30 ஆனால் நம் ஆபீஸ் மணி மாலை 6. ஊர் வேலைக்கான அழைப்பெல்லாம் ஜெர்மன் காலைப்பொழுதுக்குள் முடிய வேண்டும். கோடையில் இந்த இடைவெளி மூன்றரை மணியாகச் சுருங்கும்.

படி 6: அங்கிருக்கும் பையரைக் கூப்பிடுவது

விசிட்டிங் கார்டில் +49 (0)69 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 69 பிராங்க்ஃபர்ட்டின் கோடு. அடைப்புக்குள் இருக்கும் பூஜ்ஜியம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். +49 போட்டால் அந்தப் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும். பிரிட்டனுக்கும் இதே கதைதான். இத்தாலி லேண்ட்லைன் மட்டும் விதிவிலக்கு, அங்கே +39-க்குப் பிறகும் பூஜ்ஜியத்தை அடித்தே ஆக வேண்டும். மிலனுக்கு அடித்து "எண் தவறு" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் லேண்ட்லைனுக்கு நேரடியாக அடிக்க முடியாது. முன்பு ஸ்கைப்பில் கொஞ்சம் காசு போட்டு வைத்தால் போதும், ஆனால் அது 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது வைபர் அவுட் மாதிரி, டேட்டா வழியாகச் சாதா போனுக்குப் பேசும் சேவை ஒன்றில் சிறு தொகை போட்டு வைக்கலாம். நாலைந்து அழைப்புக்கு அது போதும். பத்து நாள் தங்கி தினமும் ஏஜெண்டுகளோடு பேச வேண்டும் என்றால் எண்ணோடு கூடிய உள்ளூர் சிம் வாங்குவதே நல்லது. பையர் கூப்பிட அவருக்கும் உள்ளூர் எண் கிடைக்கும், தயங்காமல் கூப்பிடுவார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லை. ஜெர்மனியில் வாங்கிய சிம்மிலேயே ஆம்ஸ்டர்டாமிலும் பாரிஸிலும் பேசலாம். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அந்த ஏற்பாட்டில் சேராதவை, அங்கே போவதானால் பிளானில் அவற்றின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் +91 எண்ணையே காட்டி, இணையம் வழியாக இந்தியாவுக்கு மலிவாகப் பேசலாம் என்று சொல்லும் செயலிகளை நம்பாதீர்கள். இந்திய எண்ணைப் போலி முகமாகக் காட்டி வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் இங்கே நடைமுறைக்கு வந்தது. உங்கள் அழைப்பு போய்ச் சேராமலே நிற்கலாம்.

படி 7: துபாய், சீனா போகிறவர்களுக்கு

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு தடுக்கப்பட்டிருக்கும். அங்கே அனுமதி பெற்ற போட்டிம், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றை ஊரிலேயே உங்கள் போனிலும் ஆபீஸ் போனிலும் ஏற்றி ஒரு முறை பேசிப் பாருங்கள்.

குவாங்சோ கான்டன் கண்காட்சிக்கு ஏப்ரலிலோ அக்டோபரிலோ போகிறீர்கள் என்றால் சீன ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப்பே திறக்காது. ஆனால் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா இந்திய கம்பெனி வழியாகவே சுற்றி வருவதால் அதில் திறக்கும். சீனாவுக்கு மட்டும் நான் இந்திய கம்பெனியின் ரோமிங் பேக்கையே எடுக்கச் சொல்வேன். படி 3-ல் பூட்டிய டேட்டா ரோமிங்கை அங்கே இறங்கியதும் திறக்க வேண்டும், அதுவும் பேக் இயங்கத் தொடங்கியதாகச் செய்தி வந்த பிறகு.

படி 8: திரும்பி இறங்கியதும்

லக்கேஜ் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் கால் ஃபார்வர்டிங்கை அணையுங்கள், ரோமிங் பேக் தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு ஆபீஸுக்கு போன் போட்டு, உங்கள் எண்ணைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்கள். மணி உங்கள் கையில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் ஃபார்வர்டிங் இன்னும் போகவில்லை, செட்டிங்ஸில் ஃபார்வர்டிங்கின் நான்கு தேர்வுகளையும் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.