பழைய வீடியோ டேப்பைக் கணினியில் ஏற்றும்போது படத்தில் பட்டை ஓடுகிறதா?

பினாங்கில் பல வீடுகளில் கல்யாணம், தைப்பூசம் எல்லாம் இன்னும் வி.எச்.எஸ். டேப்பிலேயே அலமாரியில் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது படத்தின் குறுக்கே அகலமான பட்டை ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் உடனே டேப்பைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் அது எர்த் தொல்லைதான், அதாவது இணைத்த கருவிகளின் எர்த் வழியே வேண்டாத மின்சாரம் ஓடிப் படத்தில் கலப்பது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பிளேயரின் பின்னால் ஆன்டெனா வயர் இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். பட்டை மறைந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எடுக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ பதிவு செய்யும் மென்பொருளில் வீடியோ முறை என்.டி.எஸ்.சி. என்று இருக்கிறதா பாருங்கள், மலேசிய டேப்புகளுக்கு பி.ஏ.எல். என்ற முறை வேண்டும். படத்தில் புள்ளி தெறித்தால் பிளேயரின் டிராக்கிங் பட்டனை அழுத்திச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் இந்த ஊர் ஈரப்பதம். டேப்பின் ஜன்னல் வழியே சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, தயவுசெய்து பிளேயரில் போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். படத்தின் அடியில் மட்டும் சில கோடுகள் நெளிவது வி.எச்.எஸ்ஸின் இயல்பு, அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் போதும்.