ரோஸ்கோன்: மூன்று ராஜாக்கள் நாளுக்கு வளைய ரொட்டி

ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிவது ஜனவரி 6 அன்றுதான். முந்தைய மாலை, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலம். இரவில் பிள்ளைகள் ஷூக்களைத் துடைத்து வைத்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டுப் படுத்தால், விடிந்ததும் பரிசு. அதைப் பிரித்த கையோடு ரோஸ்கோன் வெட்ட வேண்டும். பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். ஆகவே 4-ஆம் தேதி இரவே மாவைத் தொடங்குங்கள்.

100 கிராம் மைதா மாவில் 60 மி.லி. வெதுவெதுப்பான பால், 5 கிராம் உலர் ஈஸ்ட் சேர்த்து உருண்டையாக்கி, இரட்டிப்பாகும்வரை விடுங்கள். பால் விரலைச் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு 400 கிராம் மாவு, 100 கிராம் சர்க்கரை, 2 முட்டை, 80 மி.லி. பால், 8 கிராம் உப்பு, ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை இரண்டின் துருவிய தோல், 25 மி.லி. ஆரஞ்சுப்பூ நீர். தோலின் வெள்ளைப் பகுதி கசக்கும். பூநீருக்குப் பதில் எசென்ஸ் என்றால் சில துளிகளே போதும். கூடினால் சோப்பு வாசம் வரும். பத்து நிமிடம் பிசைந்தபின், 80 கிராம் இளகிய வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாவு கையில் ஒட்டத்தான் செய்யும். பயந்து மேலும் மாவு தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரொட்டி மறுநாளே வறண்டுவிடும். மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

5-ஆம் தேதி மாவை உருட்டி, கால் மணி நேரம் விட்டு, நடுவில் துளையிட்டு இழுங்கள். துளை 12 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உப்பும்போது அது மூடிக்கொள்ளும், வளையம் பன் ஆகிவிடும். நடுவே எண்ணெய் தடவிய, ஓவனுக்கு ஏற்ற கிண்ணம் வைத்தால் கவலையில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பானதும் முட்டை தடவி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளையும், சில சொட்டு நீரில் பிசிறிய சர்க்கரையையும் வைத்து, 180 டிகிரியில் 20–25 நிமிடம் சுடுங்கள். மேற்புறம் சீக்கிரம் கருகினால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

ஆறியபின் அடிப்பக்கம் கீறி, ஒருபுறம் சிறு பொம்மையையும், எதிர்ப்புறம் மொச்சை போன்ற காய்ந்த ஆபா விதையையும் செருகுங்கள். பிளாஸ்டிக் பொம்மையை மாவில் வைத்துச் சுட்டால் உருகிவிடும். வெட்டும் முன் எல்லோரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடம், உள்ளே பொருள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். விதை கிடைத்தவர் ரோஸ்கோனுக்குப் பணம் தர வேண்டும். சத்தமில்லாமல் விழுங்கித் தப்பிப்பவர்களும் உண்டு என்பார்கள்.

தொட்டுக்கொள்ளக் கெட்டியான சூடான சாக்லேட். மீந்தால் அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.