பெரிய எண்ணைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள்

பெட்டியின் முகப்பில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' (நொடியின் சிறு பகுதிக்கு மட்டுமான உச்ச வாட் என்று சொல்லிக்கொண்ட எண்) என்று பொன்னிறத்தில் அச்சடித்த டேப் ரெக்கார்டர்கள் ஒரு காலத்தில் வீதிக்கு வீதி விற்றன. அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்பார்மர் உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த எண்ணுக்கும் ஒலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இன்று பி.எம்.பி.ஓ. பெரும்பாலும் மறைந்துவிட்டது, பெரிய எண் மேல் உள்ள மோகம் மட்டும் மறையவில்லை.

கோவையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கையில் இருந்த பணத்தையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிச்சத்தோடு வருகிறவர்கள்தாம் இப்போது அதிகம். "அண்ணே, இதற்கு எத்தனை வாட் ஆம்ப் போதும்?" என்பார்கள். "எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள், எவ்வளவு தள்ளி உட்காருவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான். அளவெடுக்க வழி இருக்கிறது. அதற்குமுன் ஸ்பீக்கரின் குறிப்பேட்டைப் பார்த்துவிடுவோம்.

கெஃப் நிறுவனத்தின் எல்.எஸ்.50 மெட்டா ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான பெட்டி, ஆனால் ஆம்ப்ளிஃபயரை வேலை வாங்கும். சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பது, 85 டெசிபல். இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, 8 ஓம் என்று போட்டு, பக்கத்திலேயே 'குறைந்தபட்சம் 3.5 ஓம்' என்றும் போட்டிருக்கும். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். தடை ஒலியின் அதிர்வெண்ணோடு மாறும்; அது 3.5 ஓமுக்கு இறங்கும் அதிர்வெண்ணில் அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான கரன்டை ஸ்பீக்கர் இழுக்கும். மெலிந்த பவர் சப்ளை உள்ள ஆம்ப்ளிஃபயர் மூச்சு வாங்குவது அங்கேதான்.

சென்சிட்டிவிட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதைப் பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட். அதனால் '88 டெசிபல்' என்று பெருமையாக எழுதிய 4 ஓம் பெட்டி, வாட் கணக்கில் பார்த்தால் வெறும் 85தான்.

இனி அளவெடுப்போம். இப்போது வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரே போதும், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி. வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்ப்ளிஃபயராக மட்டும் இருக்கக்கூடாது; ஸ்பீக்கர் இல்லாமல் அதை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் கெட்டுப்போகலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, 50 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒலி) ஒன்றை 0.25 அளவில் உருவாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏனென்றால், நம் மின்சாரமும் அதே அதிர்வெண்தான்; எவ்வளவு மலிவான மீட்டரும் அதைச் சரியாகக் காட்டும்.

பிறகு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து நல்ல பதிவு ஒன்றைப் போடுங்கள். நாதஸ்வரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் இருந்தால் மிகவும் நல்லது. தவிலில் விழும் ஒவ்வொரு அடியும் சராசரி ஒலியைவிட எங்கோ மேலே போய் நிற்கும். டோன் கன்ட்ரோல்கள் நடுவில் இருக்கட்டும். வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் அதிகபட்சம் எவ்வளவு வைப்பீர்களோ அவ்வளவு வையுங்கள். வால்யூமை அதே இடத்தில் விட்டுவிட்டு, பாட்டை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து, அதே பிளேயரிலிருந்து அந்த 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்டேஜை அளவெடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசக்கூடாது.

வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். முழு அளவு 1; நாம் செய்த அலை அதில் கால் பங்கான 0.25 ஆயிற்றே, அதனால்தான் நான்கு. மீட்டர் 4 வோல்ட் காட்டினால், அந்தப் பதிவின் உச்சத்துக்கு 16 வோல்ட் வேண்டும். அதன் வர்க்கம் 256. அதை ஸ்பீக்கரின் ஓமால் வகுக்க வேண்டும்: எட்டால் வகுத்தால் 32 வாட், நான்கால் வகுத்தால் 64 வாட். கொஞ்சம் தாராளமாக இரண்டு மடங்கு வைத்துக்கொண்டால், 8 ஓமில் 60 வாட்டும் 4 ஓமில் 100 வாட்டுக்கு மேலும் தரும் ஆம்ப்ளிஃபயர் உங்களுக்குப் போதும். இரண்டு மடங்கு என்பது கேட்பதற்கு மூன்று டெசிபல் வித்தியாசம் மட்டுமே. சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 60 வாட்டுக்குப் பதில் 80 வாட் வாங்கக் கூடுதல் பணம் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். (அளக்கும்போதே பழைய ஆம்ப்ளிஃபயர் கரகரத்திருந்தால், கிடைத்த எண்ணைக் குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள்.)

கடையில் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். '150 வாட்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்' என்று (டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு, சேனல் என்றால் இடம் அல்லது வலம் பக்கம்) இருந்தால் அதை அப்படியே கீழே வைத்துவிடலாம். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் இது சகஜம். அமெரிக்காவில் 1974-லேயே இந்தத் தில்லுமுல்லுக்கு விதி போட்டார்கள். 2024-இல் அதை மேலும் இறுக்கி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று அளக்கும் முறையையே வரையறுத்தார்கள். அதே முறையில் அளந்த எண்ணைத்தான் நீங்களும் தேட வேண்டும். அதோடு 8 ஓம், 4 ஓம் இரண்டுக்கும் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 4 ஓமில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறினால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. 4 ஓம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் காரணம் இருக்கும். 1978-இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட்தான். ஆனால் கடினமான ஸ்பீக்கர்களையும் அது ஓட்டிய விதத்தை எங்கள் தொழிலில் இன்றும் பேசுகிறார்கள்.

குறைந்த செலவில் என்றால் இன்று முதலில் பார்க்க வேண்டியது கிளாஸ் டி, அதாவது ட்ரான்சிஸ்டர்களை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் வகை. டி.பி.ஏ.3255 என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பை வைத்து ஃபோசி, ஐயிமா போன்ற சீன நிறுவனங்கள் செய்யும் சின்னப் பெட்டிகளைச் சொல்கிறேன். '300 வாட்' என்பது அந்தச் சிப்பின் உச்சம், உங்கள் பெட்டியின் உச்சம் அல்ல. அதைத் தீர்மானிப்பது கூட வரும் அடாப்டர். 32 வோல்ட் அடாப்டரில் 8 ஓமுக்கு 60 வாட் சொச்சத்தைத் தாண்ட முடியாது. 48 வோல்ட் என்றால் கணக்குப்படி 140 வரை போகலாம். விலை வித்தியாசம் சிறியதென்றால் 48 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரையே எடுங்கள். மலிவான மாடல்களில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் பொறுத்து உச்ச ஸ்தாயி கொஞ்சம் கூடிக் குறையும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் (தன்னைத் திருத்திக்கொள்ள ஒலியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது) எடுக்கும் மாடலில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், விசாரித்து வாங்குங்கள்.

நம் ஊருக்கு இந்த அடாப்டரில் இன்னொரு லாபம் உண்டு. ட்ரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயரில் மின்சாரம் 230-லிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 60 வாட் 45 ஆகிவிடும். அடாப்டர் அதைப் பொருட்படுத்தாது.

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில் எனக்குத் தனி ஆசை உண்டு, மறைக்கவில்லை. தூக்கிப் பாருங்கள், கிளாஸ் ஏ.பி. என்ற பழைய வழக்கமான வகையில் எடை என்பது ட்ரான்ஸ்பார்மரும், சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கும்தான். பின்புறம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்க்காமல் ப்ளக்கைச் செருகாதீர்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120. மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டை நெருங்கினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம், அது சின்னச் செலவு. ஒரு சேனல் பேசவில்லை என்று சொல்லி விலையைக் குறைத்தால், அது எந்தக் காரணத்தால் என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மைக் செட்டுக்கான பவர் ஆம்ப்ளிஃபயர்களில் வாட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விசிறிச் சத்தம் ஹாலில் ஆலாபனையோடு சேர்ந்து பாடும். தனி அறை இருந்தால் பார்க்கலாம்.

வயருக்கு ஆயிரங்களைக் கொட்டாதீர்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் போய்வர 0.075 ஓம் அளவுதான் தடை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம்.