கடல் பாதுகாப்பு இலக்குகள்: கணக்கில் விடும் பிழைகள்

கடல் கண்காணிப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளைக் கணக்கிட்டுப் போடும் அட்டவணைகளில் நான் முன்பு விட்ட அதே பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கூட்டல் பிழை, அலகுப் பிழை எல்லாம் கணினியே பிடித்துவிடும், அவற்றை விடுகிறேன்.

கோடு போட்ட இடமெல்லாம் காப்பாற்றிய இடம் என்று எண்ணுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். 2010இல் ஜப்பானின் நகோயாவில் நடந்த உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் நாடுகள் ஏற்ற பாதுகாப்பு இலக்கை ‘2020க்குள் கடலில் 10 சதவீதம்’ என்று மட்டுமே சொல்கிறார்கள். வாசகத்தை முழுதாகப் படியுங்கள். அந்தப் பகுதிகள் திறம்படவும் நியாயமாகவும் நிர்வகிக்கப்பட வேண்டும், எல்லா வகைச் சூழலும் அடங்க வேண்டும், ஒன்றோடொன்று தொடர்பிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் அது 2030க்குள் 30 சதவீதம் என்று உயர்ந்தபோதும் இந்த நிபந்தனைகள் போகவில்லை. ஆனால் பரப்பளவை வரைபடத்திலிருந்து அரை மணியில் எடுத்துவிடலாம். நிர்வாகத்தை அளக்க ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவை என் முதல் அட்டவணையில் ‘471 ஹெக்டேயர், பாதுகாக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. ஆவணம் எல்லாம் சரி. அப்புறம் ஒரு ஜூலையில் படகில் போனேன். இடுப்பளவு தண்ணீரில் முருகைக்கல் கிளைகள் முறிந்து கிடந்தன, முறிந்த முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பக்கத்திலேயே ஒருவர் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்ய உயிருள்ள கல்லின்மேல் ஏறி நின்றார். “கல்லில கால் வைக்காதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போச்சு தம்பி” என்றார் படகோட்டி அண்ணன். என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

471 ஹெக்டேயர் என்பது ஐந்து சதுர கிலோமீட்டர்கூட வராது. அந்தாட்டிக்காவின் ரோஸ் கடல் காப்பகம் ஒன்றே 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். சதவீதம் மட்டுமே இலக்கானால் ஆளில்லாத தூரக் கடலில் பெரிய கோடு போட்டு எண்ணை நிரப்பிவிடலாம். சனம் மீன் பிடிக்கிற, நீந்துகிற கரையோர முருகைக்கல் கணக்கிலேயே தெரியாது.

இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நிரல் கூடுதலாக வைக்கிறேன். ஒன்று, அது யோசனையா, அறிவிப்பா, அமலா, தொடர்ந்து நிர்வகிக்கப்படுவதா. மற்றது, உள்ளே என்னென்ன செய்ய அனுமதி. 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டியும் இப்படித்தான் பிரிக்கிறது. அமலான பிறகுதான் பலன் தொடங்கும் என்கிறது.

எதில் சதவீதம்?

உலகக் கடலிலா, நாட்டின் கடலிலா? கடற்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் இல்லை. வகுத்த எண்ணை எழுதாத சதவீதத்தை நான் ஏற்பதில்லை.

ஒரே இடத்தை இரண்டு தரம் கூட்டுவது

இரண்டு காப்பகங்களின் எல்லை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பொதுவான பரப்பு இரண்டு தரம் வந்துவிடும். எல்லைகளை முதலில் இணையுங்கள், பிறகு கூட்டுங்கள்.

முதல் அளவு இல்லாமல் தொடங்குவது

முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. முருகைக்கல்லின்மேல் ஐம்பது மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே உயிருள்ள கல் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். அடுத்த வருடமும் அதே இடம், அதே ஆழம். வாடை தொடங்கினால் நிலாவெளிக் கடலில் இறங்க முடியாது. செப்டெம்பருக்குள் எடுத்துவிடுங்கள்.