கொழுந்துப் பையிலிருந்து கோப்பை வரை: ஜப்பானியத் தேயிலைத் தோட்டத்தில் பயிற்சி

கியோட்டோ மாகாணத்தின் தெற்கே வாசுக்கா என்றொரு சிற்றூர். அங்கே நாலாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் 'உஜி தேநீர்' என்று பெயர் வாங்கிய இலையில் பெரும்பங்கு அந்த மலைச்சரிவுகளில்தான் விளைகிறது. அங்கே ஒரு தோட்டத்தில் ஒரு பருவம் பயிற்சியில் இருந்தேன். குன்னூரில் தேயிலைக்கு நடுவே வளர்ந்தவன் நான். செடி ஒன்றுதான், ஆனால் வேலையை அடியிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருந்தது. புதிதாகப் போகிறவர்களுக்காக, நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: நாள் பார்த்துப் போங்கள்

ஜப்பானிய நாட்காட்டியில் வசந்தம் பிறக்கும் பிப்ரவரி 4 வாக்கிலிருந்து எண்ணினால் 88ஆவது நாள் மே 2ஐ ஒட்டி வரும். 'ஹச்சிஜூஹச்சியா' என்பார்கள். முதல் கொழுந்துக்கு அதுதான் அடையாள நாள். ஏப்ரல் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். களை எடுப்பது, செடிமேல் கறுப்பு வலை விரிப்பது என்று கை பழக அவகாசம் கிடைக்கும். வெயில் குறைந்தால் இலையில் துவர்ப்பு குறைந்து இனிப்பு தங்கும், வலை அதற்குத்தான். எந்த விசாவில் வேலை செய்யலாம் என்பதைக் கிளம்புமுன்பே தோட்டத்தாரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 2: உடையும் இரண்டு வாசகங்களும்

முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையுறை, கழுத்தில் ஒரு துண்டு. காலையில் 'யொரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்' (உங்கள் தயவு வேண்டும்) என்று சொல்லுங்கள், வேலை முடிந்ததும் 'ஒட்சுகாரேசாமா தெஸ்' (உழைப்புக்கு நன்றி). 10 மணிக்கும் 3 மணிக்கும் எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடைவேளையைத் தவறவிடாதீர்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

படி 3: பையைப் பிடியுங்கள்

இங்கே பெரும்பாலும் இயந்திர அறுவடை. நிரைக்கு இருபுறமும் ஒவ்வொருவர் நின்று, வளைந்த கத்தி கொண்ட இயந்திரத்தைத் தூக்கி நடப்பார்கள். அதன் காற்று, வெட்டிய கொழுந்தைப் பின்னால் நீண்டு தொங்கும் பைக்குள் தள்ளும். அந்தப் பையின் வாலைப் பிடித்து நடப்பதுதான் புதியவரின் வேலை. சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பை முறுக்கினால் காற்று அடைபடும், செடியில் உரசினால் முன்னே போகிறவர்களை இழுக்கும். முன்னவர் அடிவைக்கும் வேகத்துக்கே நீங்களும் அடிவையுங்கள்.

பை நிறைந்ததும் கொழுந்தை அமுக்காதீர்கள். நிழலில் வைத்துவிட்டு உள்ளே முழங்கை வரை கையை விடுங்கள். நடுவில் வெதுவெதுப்பு தெரியும். பறித்த பிறகும் இலை மூச்சுவிடுகிறது, அந்தச் சூடுதான் இது. சூடு ஏறினால் வாசனை மாறும், இலை சிவக்கும். குன்னூரில் கொழுந்தை இரவெல்லாம் பரப்பி வாடவிடுவோம். கறுப்புத் தேயிலை பிறப்பதே அந்த வாட்டத்தில்தான். வாசுக்காவில் அந்த வாட்டமே ஆகாது. அன்றன்றே ஆவியில் போட்டாக வேண்டும். ஒருநாள் நான் இரண்டு பைகளை வெயிலில் விட்டுவிட்டேன். தோட்டக்காரர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் பைக்குள் விட்டார், அவ்வளவுதான். அந்தச் சூடு இன்னும் மறக்கவில்லை.

படி 4: ஆவியும் உருட்டலும்

ஆவி பிடிப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. இலையைச் சிவக்கவைக்கும் நொதிகள் அத்தோடு அடங்கும், பச்சை நிலைக்கும். பக்கத்து ஊரான உஜிதவாராவில் 1738இல் நாகதானி சோயென் என்ற விவசாயி, ஆவியில் வேகவைத்துச் சூடான மேசையில் உருட்டி உலர்த்தும் முறையை வகுத்தார். இன்றைய இயந்திர வரிசை செய்வதும் அதைத்தான். 5 கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை வரும்.

ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து அழுத்தி, விரல்களைத் திறந்து பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் கோளாறு. உள்ளீரம் வெளியே வர அவகாசம் கொடுக்காமல் காற்றைக் கூட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

படி 5: ஒரு முறையாவது கையால்

கையுருட்டலுக்கு 'தெமொமி' என்று பெயர். அடியில் சூடு வைத்த, காகிதம் ஒட்டிய மேசையில் சுமார் 3 கிலோ கொழுந்து. ஐந்தாறு மணி நேர வேலை. முதலில் இலையை அள்ளித் தூக்கி உதறி உதறி விழவிடுங்கள், மேல் ஈரம் போகட்டும். பிறகு இடவலமாக உருட்டுங்கள். முதலில் லேசாக, போகப்போக உடம்பின் பாரத்தைக் கைக்குக் கொடுங்கள். கட்டி விழுந்தால் பிரித்துவிடுங்கள். கடைசியில் இரு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து ஊசிபோல் ஆக்குவது. முழுக்க இலையின் சூடு உங்கள் உடல்சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். கொதிப்பாகத் தெரிந்தால் தூக்கி உதறுங்கள், சில்லிட்டால் மேசையோடு சேர்த்து உருட்டுங்கள்.

படி 6: உங்கள் இலையைக் குடியுங்கள்

இரண்டு பேருக்கு 6 கிராம் இலை, 160 மில்லி தண்ணீர், சூடு 70 டிகிரி. வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். மூன்று முறை மாற்றி, இலைமேல் ஊற்றி, ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு கோப்பைக்கும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் சுவை சமமாக வரும். கடைசிச் சொட்டு வரை வடியட்டும், ருசி அதில் அடர்ந்திருக்கும். மறுமுறை இன்னும் சூடான நீர், பத்து விநாடி போதும்.

மூன்றாம் முறைக்குப் பிறகு இலையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டுப் பிசைந்து, சூடான சோற்றோடு சாப்பிடுங்கள்.