பழைய சி10 பிக்கப்பில் 5.3 எஞ்சின்: வாங்குவதிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரலே சி10 பிக்கப்புக்குப் புது எஞ்சின் தேடுபவர்களுக்குக் கைக்கு வாகானது, 1999 முதல் 2007 வரையிலான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) ட்ரக்குகளில் வந்த 5.3 லிட்டர் வி8. அதன் பெயர் எல்எம்7. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். எஞ்சின் அறையில் இடம் தாராளம், மவுண்ட் பிளேட் ரெடிமேடாகக் கிடைக்கிறது. எஞ்சினை உட்கார வைப்பது இதில் சுலபமான பகுதி. வண்டி பாதியில் நின்றுபோவது பெட்ரோல் லைன், வயரிங், கூலன்ட் என்ற மூன்றில் ஒன்றால்தான். அதனால் இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம்.

வாங்கும்போது

எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து எஞ்சின், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எஞ்சின் கம்ப்யூட்டர், வெட்டுப்படாத வயரிங், த்ராட்டில் பாடி, ஏர்ஃப்ளோ சென்சார், ஆல்டர்நேட்டர், பிராக்கெட்டுகள் எல்லாம் சேர்த்து எடுங்கள். 2003 முதல் வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கேபிள் இருக்காது, மின்சார த்ராட்டில்தான். அப்படியானால் பெடலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதே வண்டியினுடையதாகவே இருக்க வேண்டும். வேறு வருடத்துப் பெடலை மாட்டினால் கம்ப்யூட்டர் த்ராட்டிலைத் திறக்கவே விடாது. கேபிள் உள்ள பழைய வகை கிடைத்தால் வயரிங் வேலை கணிசமாகக் குறையும்.

பிளாக்கில் "4.8/5.3" என்று இரண்டு அளவும் சேர்த்தே வார்த்திருப்பார்கள். அதை வைத்து எது என்று சொல்ல முடியாது. எஞ்சினைக் கொடுத்த வண்டியின் விஐஎன் என்ற அடையாள எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள்: 4.8-இல் தட்டையாக இருக்கும், எல்எம்7-இல் நடுவில் குழிவாக இருக்கும்.

கிராங்க் சென்சார் சக்கரத்தில் 24 பல் வகை, 58 பல் வகை என்று இரண்டு உண்டு. எல்எம்7 24 பல் வகை. 58 பல் கம்ப்யூட்டரை இதற்கு மாட்டினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

ஸ்டாண்டில் இருக்கும்போதே

எஞ்சின் வண்டிக்குள் போன பிறகு கை எட்டாத வேலைகளை வெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலாவது, சம்பிலிருந்து (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இந்தக் குழாயை ஆயில் பம்போடு பிடிப்பது ஒரே ஒரு போல்ட். ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் குழாய் லேசாகச் சாய்ந்தாலும் ரிங் நசுங்கிக் கிழியும், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பிரஷர் குறைந்து கடைசியில் பேரிங் போகும். புது ரிங் போடுங்கள். அளவில் வித்தியாசம் உண்டு என்பதால் கழற்றியதோடு ஒப்பிட்டு, ஆயில் தடவி, குழாயைக் கையால் முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகே போல்ட்டை முறுக்குங்கள். 12 நியூட்டன் மீட்டர் போதும்.

இரண்டாவது, எஞ்சினுக்குள் தட்டல் வருகிறதா என்று கவனிக்கும் நாக் சென்சார்கள். இரண்டும் இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் குழிக்குள் இருக்கின்றன. தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது வழக்கம், பின்பக்கத்து சென்சார்தான் முதலில் போகும். இரண்டையும் மாற்றி 20 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். இன்டேக் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, முதல் சுற்று 5, இரண்டாம் சுற்று 10 நியூட்டன் மீட்டர் என்று முறுக்குங்கள். மானிஃபோல்ட் பிளாஸ்டிக், அதற்கு மேல் பலம் கொடுத்தால் விரிசல் விடும்.

ட்ரக்கின் ஆயில் சம்ப் ஆழமானது. உயரம் குறைத்த வண்டியில் அது குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கி, சாலை மேட்டில் முதலில் அடிபடும். சம்பை மாற்றுவதானால் அதற்கேற்ற பிக்கப் குழாய், உள்தட்டு, டிப்ஸ்டிக் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வலது பக்கம் கீழே இருக்கும் ஏசி கம்ப்ரஸர் சேஸிஸில் இடிக்கிறதா என்பதையும் இப்போதே அளந்து பாருங்கள்.

கியர்பாக்ஸோடு இணைப்பது

4எல்60இ-யையே வைத்துக்கொண்டால் ஃப்ளெக்ஸ்பிளேட் (கிராங்கின் பின்னால் போல்ட்டாகும் தட்டு), கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) எல்லாம் அப்படியே பொருந்தும். பழைய டர்போ 350 கியர்பாக்ஸை வைக்க நினைத்தால் ஒரு விஷயம்: இந்த எஞ்சினின் கிராங்க் முகப்பு செவ்ரலேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8-ஐ விட சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதை ஈடுகட்டும் ஸ்பேசரும் அதற்கான போல்ட்டுகளும் இல்லாமல் மாட்டக் கூடாது.

ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட்டுகளுக்கு 20, 50, 100 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்று. கன்வெர்ட்டரை கியர்பாக்ஸுக்குள் சுழற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக 'டக்' என்று உட்காரும். முழுக்க உட்கார்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு எஞ்சினும் பெல்ஹவுசிங்கும் கைப்பலத்திலேயே இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள், கியர்பாக்ஸின் பம்ப் உடைந்துவிடும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிலோ. மூக்கை மேலே தூக்கிச் சாய்க்கும் கருவியோடு இறக்குங்கள். பிளாக்கின் நான்கு போல்ட்டில் உட்காரும் மவுண்ட் பிளேட்டை முதலில் தளர்வாக வைத்து, ஹெட்டின் பின்பக்கத்துக்கும் கேபின் தடுப்புக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது விட்டு, பிறகு இறுக்குங்கள். எஞ்சின் பின்பக்கம் சுமார் 3 டிகிரி தாழ்ந்திருக்கட்டும். கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம் இடம் மாறும். ப்ராப்பல்லர் ஷாஃப்ட் நீளமும் மாறும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, யோக்கை (ஷாஃப்ட்டின் கியர்பாக்ஸுக்குள் நுழையும் முனை) முழுக்க உள்ளே தள்ளி 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது அளந்தால் ஷாஃப்ட் தவறான நீளத்தில் வந்து சேரும்.

பெட்ரோல்

கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்). இந்த எஞ்சினுக்கு வேண்டியது 58. டேங்குக்குள் இருக்கும் பம்ப்தான் நல்லது. மணிக்கு 255 லிட்டர் பம்ப் தாராளமாகப் போதும். ரெகுலேட்டரும் ஃபில்டரும் ஒன்றாக இருக்கும் 1999–2004 கார்வெட் ஃபில்டரை டேங்குக்கு அருகில் வைத்தால், அங்கிருந்து டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன், எஞ்சினுக்கு ஒரே லைன் என்று வேலை சுருங்கும்.

பழைய டேங்குக்குள் தடுப்பு கிடையாது. கால் டேங்க் பெட்ரோலில் வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் தடுமாறும். பம்பைச் சுற்றித் தடுப்புப் பெட்டி உள்ள டேங்க் வாங்குங்கள். அதன் மிதவை 0–90 ஓம் வகையாக இருந்தால்தான் பழைய பெட்ரோல் மீட்டர் சரியாகக் காட்டும். ஹோஸ் எஸ்ஏஇ 30ஆர்9 தரம், கிளாம்ப் இன்ஜெக்ஷன் வகை. சாதாரண கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்தில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். இதில் சமரசமே வேண்டாம்.

வயரிங்

கம்ப்யூட்டருக்கு இரண்டு விதமான 12 வோல்ட் வேண்டும்: பேட்டரியிலிருந்து எப்போதும் இருப்பது ஒன்று, சாவி போட்டால் வருவது ஒன்று. இரண்டாவதில்தான் ஏமாறுவார்கள். பழைய ஃபியூஸ் பாக்ஸில் சில முனைகள் சாவி ஆனில் உயிரோடு இருக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது செத்துவிடும். அங்கே இணைத்தால், சாவியை விடும் நொடியில் மட்டும் எஞ்சின் இருமி அணையும். மீட்டரை வைத்து, சுற்றும்போதும் 12 வோல்ட் அருகில் வருகிறதா என்று பார்த்து இணையுங்கள். அந்த வயரால் ஒரு ரிலேயை இயக்கி மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

எர்த் மூன்று இடத்தில் கட்டாயம்: பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு, பிளாக்கிலிருந்து கேபினுக்கு. வயரிங்கின் சொந்த எர்த் முனைகள் ஹெட்டின் பின்பக்கம் போல்ட்டாகும். அந்த இடத்தைப் பெயின்ட் இல்லாமல் சுரண்டுங்கள். காரணம் தெரியாத சென்சார் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கே தீர்ந்துவிடும்.

பிரேக் பெடல் ஸ்விட்சிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும்: கால் எடுத்திருக்கும்போது 12 வோல்ட், மிதித்தால் பூஜ்யம். அதை விட்டுவிட்டால் கன்வெர்ட்டர் லாக் ஆகாது, நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் சூடாகும். ஆல்டர்நேட்டரின் எல் முனைக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டர் எரியும். நடுவில் டேஷ்போர்டின் சார்ஜ் பல்பு இருக்கட்டும். கம்ப்யூட்டரில் சாவித் திருட்டுத் தடுப்பை நிரலிலேயே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்த உடனே அணைந்துவிடும். 4எல்60இ-யில் ஸ்பீடாமீட்டர் கேபிளுக்கு இடமில்லை. மின் சிக்னலைக் கேபிள் சுழற்சியாக மாற்றும் பெட்டியோ எலெக்ட்ரானிக் மீட்டரோ வேண்டும்.

கூலன்ட்

ஹெட்டுகளிலிருந்து வரும் சின்ன நீராவிக் குழாயை அடைக்கக் கூடாது. அதை ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் கொண்டு போங்கள். அடைத்தால் ஹெட்டில் காற்று தங்கி, மீட்டர் நார்மல் காட்டும்போதே உள்ளே உலோகம் வேகும். இன்னொன்று: தெர்மோஸ்டாட் இந்த எஞ்சினில் பம்புக்குள் தண்ணீர் நுழையும் பக்கம் இருக்கிறது. ஹீட்டர் வழியே திரும்பி வரும் வெந்நீர்தான் அதைத் திறக்க வைக்கிறது. ஹீட்டர் வேண்டாம் என்றாலும் அந்த இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் ஒன்றோடொன்று இணையுங்கள், மூடி போடாதீர்கள். பழைய டெம்பரேச்சர் மீட்டருக்குத் தனி சென்சார் வேண்டும். வலது ஹெட்டின் பின்பக்க அடைப்பைக் கழற்றினால் எம்12 × 1.5 மரை இருக்கும், அங்கே அடாப்டரோடு மாட்டலாம்.

புகைச் சட்டத்தை எஞ்சின் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதல் எஞ்சின் மாற்றிய வண்டியை ரெஃப்ரீ என்ற மாநிலப் புகைச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் வண்டியின் வருடத்ததாகவோ புதியதாகவோ இருந்து, அதன் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் முழுக்கக் கூடவே வந்திருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 5.7 லிட்டர் 5டபிள்யூ-30 ஆயில். பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை பத்துப் பத்து நொடியாகச் சுற்றுங்கள். அரை நிமிடம் சுற்றியும் முள் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு பிக்கப் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிறகு பிளக்கும் ரிலேயும் போட்டு, சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து லைனில் அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் ஸ்டார்ட் வேண்டாம்.

சூடான எஞ்சினுக்கு ஜிஎம் சொல்லும் குறைந்தபட்ச ஆயில் பிரஷர் நிமிடத்துக்கு 1000 சுற்றில் 6, 2000-இல் 18, 4000-இல் 24 பிஎஸ்ஐ. நல்ல எஞ்சின் ஐடிலிலேயே இதை விட நன்றாக மேலே நிற்கும். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை வைத்திருந்து, ஐடிலில் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். பிறகு முழுக்க ஆறவிட்டு, குறைந்திருக்கும் கூலன்ட்டை நிரப்புங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எக்ஸாஸ்ட், மவுண்ட், ப்ராப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.