மான் வேட்டைக் குளிருக்கு எந்த சாக்ஸ்? புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாள் நடக்கும். விடியும் முன்பே காட்டுக்குள் நடந்துபோய், மரத்தில் கட்டிய சின்ன மேடையான ட்ரீ ஸ்டாண்டில் ஏறி, மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வடக்குப் பக்கம் அந்த வாரத்தில் விடியற்காலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முதல் தடவை போகிறவர்கள் ஜாக்கெட், பைனாகுலர், கையுறை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சாக்ஸ் மட்டும் வீட்டு அலமாரியில் கிடந்ததாக இருக்கும். அப்புறம் கால்விரல் மரத்துப்போய், மான் வருவதற்குள் இறங்கி வண்டிக்கு ஓடுவார்கள்.

கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. சூட்டைப் பிடித்து வைப்பது நூலிழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று. அந்தக் காற்று நசுங்கக் கூடாது, அந்த இடம் நனையவும் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: நடக்கப் போகிறீர்களா, உட்காரப் போகிறீர்களா?

கூட்டமாக நடந்து மானைக் கலைத்து விரட்டும் வேட்டையில் கால் தானாகவே சூடாகிவிடும். அதற்கு நடுத்தரத் தடிமன் சாக்ஸ் போதும். ட்ரீ ஸ்டாண்டில் உட்கார்வது வேறு கதை. ரத்த ஓட்டம் மந்தமாகும், உடம்பு குளிர ஆரம்பித்ததும் கைகால் முனைகளுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். இதற்குக் கனமான சாக்ஸ் வேண்டும். தலையையும் உடம்பையும் மூடாமல் சாக்ஸை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

படி 2: லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

காட்டன் வேண்டாம். நம்மில் பலருக்கு சாக்ஸ் என்றாலே பள்ளிக்கூட வெள்ளைக் காட்டன் சாக்ஸ்தான் நினைவுக்கு வரும். சென்னை வெயிலில் அது சரி. குளிர்க்காட்டில் காட்டன் வியர்வையைக் குடித்து, ஈரத்தோடு தோலில் ஒட்டிக்கொண்டு, இருக்கிற சூட்டையும் இழுத்துவிடும்.

நீங்கள் தேட வேண்டியது மெரினோ கம்பளி. சாதாரணக் கம்பளியைவிட இழை மெல்லியது, அதனால் அவ்வளவாக அரிக்காது. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். நாற்றமும் சீக்கிரம் வராது. மானின் மூக்கை நினைத்துப் பாருங்கள், இது சின்ன விஷயமில்லை.

'நூறு சதவீதம் கம்பளி' என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். குதிகாலிலும் கட்டைவிரலிலும் சீக்கிரம் ஓட்டை விழும். மெரினோ 60 முதல் 75 சதவீதம், மீதி நைலான், கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் என்றிருப்பதே நல்ல கலவை. நைலான் உழைக்கும், ஸ்பாண்டெக்ஸ் சாக்ஸைச் சரியாமல் பிடிக்கும். அட்டையின் முன்பக்கம் பெரிதாகக் 'கம்பளி' என்று இருக்கும், பின்னால் படித்தால் பாதிக்கு மேல் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் இருக்கும். அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

நல்ல ஜோடி ஒன்றுக்கு 20, 30 டாலர் ஆகும். சாக்ஸுக்கா இவ்வளவு என்று மனசு கேட்கத்தான் செய்யும். வெர்மான்ட் மாநிலத்தில் தயாராகும் டார்ன் டஃப் போன்றவை கிழிந்தால் மாற்றித் தரும் ஆயுட்கால உத்தரவாதத்தோடு வருகின்றன. கணக்குப் போட்டால் மலிவான ஆறு ஜோடிப் பொட்டலத்தைவிட அது மேல்.

படி 3: உயரம்

பூட்ஸின் விளிம்புக்கு மேலே வர வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் என்றால் கெண்டைக்காலைத் தாண்டும் நீள சாக்ஸே எடுங்கள். குட்டையானது நடக்க நடக்க இறங்கி, பாதத்துக்கு அடியில் சுருண்டுகொள்ளும். மேல் பட்டை தோலில் ஆழமாகத் தடம் பதித்தால் அது இறுக்கம், வேண்டாம்.

படி 4: பூட்ஸோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சரியான அளவு பூட்ஸுக்குள் இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்தால், ஒரே சாக்ஸோடு இருப்பதைவிட அதிகமாகக் குளிரும். கம்பளி நசுங்கிக் காற்று வெளியேறிவிடும், ரத்த ஓட்டமும் தடைப்படும். எனவே வேட்டைக்குப் போடப்போகும் சாக்ஸை மாட்டிக்கொண்டே பூட்ஸ் வாங்கப் போங்கள். பெரும்பாலும் அரை சைஸ் முதல் ஒரு சைஸ் வரை பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரமே போட்டுப் பார்க்க நல்லது. கயிற்றைக் கட்டிய பிறகு ஐந்து விரலையும் தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால், விற்பவர் 'பழகப் பழகத் தளர்ந்துவிடும்' என்று சொன்னாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

பூட்ஸில் 400, 800, 1200 கிராம் என்று எழுதியிருப்பது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்துத் தைத்திருக்கும் குளிர்காப்புப் பொருள் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. அசையாமல் உட்கார 1200 பக்கம் போகலாம். ஆனால் அதைப் போட்டு நீண்ட தூரம் நடந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

படி 5: உள்ளே ஒரு மெல்லிய லைனர்

லைனர் என்பது கனமான சாக்ஸுக்கு உள்ளே போடும் சாக்ஸ். பாலிப்ரோபிலீன் என்ற செயற்கை இழையில் செய்த மெல்லிய லைனர் ஈரத்தைத் தான் குடிக்காமல் வெளிச் சாக்ஸுக்குக் கடத்திவிடும். கொப்புளமும் குறையும். பூட்ஸில் இடம் இருந்தால் மட்டும் போடுங்கள். ரொம்பக் கடுங்குளிரில், லைனருக்கும் கனமான சாக்ஸுக்கும் நடுவே ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளும் பழைய தந்திரம் உண்டு. பாதம் கசகசக்கும், ஆனால் வெளிக் கம்பளி காய்ந்தே இருக்கும். எனக்கு அந்தக் கசகசப்பு பிடிக்காது. செலவில்லாத வழி என்பதால் சொல்கிறேன்.

படி 6: நடக்க ஒன்று, உட்கார ஒன்று

ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ட்ரீ ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மெல்லிய சாக்ஸ், கயிறு கொஞ்சம் தளர்வாக. கனமான காய்ந்த ஜோடி ஜிப் பையில், முதுகுப் பைக்குள். இடத்தை அடைந்ததும், மேலே ஏறும் முன், மாற்றுங்கள். பாதத்தைத் துடைத்துவிட்டு மாட்டினால் இன்னும் நல்லது. இருட்டில், பனியில் ஒற்றைக் காலில் நின்று இதைச் செய்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். மடக்கி வைத்த பழைய பாய் மாதிரி ஒரு ஃபோம் துண்டு கொண்டுபோனால் கால் வைக்க உதவும். ட்ரீ ஸ்டாண்டின் இரும்புத் தட்டு பூட்ஸின் அடி வழியாகச் சூட்டை இழுக்கும், மேலே ஏறியதும் அதே துண்டைக் காலடியில் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: விரல் சூடாக்கிகள்

ஒட்டும் சூடாக்கிகளில் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வரும். இறுக்கமான பூட்ஸுக்குள் காற்று குறைவு, சூடும் சரியாக வராது. சாக்ஸின் மேல் ஒட்டுங்கள், தோலில் ஒட்டக் கூடாது. பாட்டரி சாக்ஸும் கிடைக்கிறது. நன்றாகவே வேலை செய்யும், குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த இரண்டையுமே டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். சுட்டாலும் தெரியாது.

விரல் வெளுத்து உணர்ச்சி போய்விட்டால் அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது. தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். சூடான இடத்துக்குப் போய், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவமனைதான்.

படி 8: வீட்டில் ஒத்திகை, அப்புறம் துவைப்பு

சீசனுக்கு முன் ஒரு குளிர்நாளில், முழு உடுப்போடு வீட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும். குறை எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ள நேரமும் இருக்கும்.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், வாசனையில்லாத சோப்பில் போடுங்கள். சாஃப்ட்னர் கூடாது, இழையின் மேல் படலமாகப் படியும். அதிகச் சூட்டில் டிரையரில் போட்டால் சுருங்கிப்போகலாம், நிழலில் காய விடுங்கள். ஒன்பது நாளும் போவதாக இருந்தால் கனமானதில் மூன்று ஜோடி போதும்: ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று கொடியில்.